பித்தப்பைக் கல்லும் ஆபரேஷனுக்குப் பிந்தைய வயிறும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில், ஈப்போ பக்கத்திலுள்ள எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் காலைச் சந்தைக்குப் போனால், மீன் வாங்கி முடிப்பதற்குள் ஒருவராவது என்னை ஓரமாக இழுத்துவிடுவார். "மிஸ்ஸி, ஸ்கேன் எடுத்தேன், பித்தப்பையில் கல்லாம். வெட்டணுமாம். வெட்டினால் எல்லாம் சரியாகிவிடுமா?" நான் அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றின் அறுவை வார்டில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். தோட்டத்து ஆட்களுக்கு இன்னமும் மிஸ்ஸிதான். என் பித்தப்பையும் வெளியே வந்து 6 வருடம் ஆகிறது. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றும் பார்த்தாயிற்று, கட்டிலில் படுத்தும் பார்த்தாயிற்று. மீன் நாறுவதற்குள் சொல்லி முடிக்க முடியாததை எல்லாம் இங்கே எழுதிவைக்கிறேன். டாக்டருக்குப் பதிலாக இதைப் படிக்காதீர்கள். டாக்டரிடம் போய் என்ன சொல்வது, என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ளப் படியுங்கள்.

பித்தப்பை எங்கே இருக்கிறது? அதில் கல் எப்படி வருகிறது?

வலது விலாவுக்குக் கீழே, கல்லீரலின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னப் பை அது. பிஞ்சுக் கத்திரிக்காய் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். பித்தநீரைச் சுரப்பது இந்தப் பை அல்ல, கல்லீரல்தான். நாளொன்றுக்கு அரை லிட்டருக்கு மேல் சுரக்கும். சாப்பாட்டுக்கு இடைப்பட்ட நேரத்தில் அதில் ஒரு பங்கை வாங்கி, தண்ணீரை உறிஞ்சி, கெட்டியாக்கி வைத்துக்கொள்வது மட்டுமே பையின் வேலை. பிடிப்பது 30 முதல் 50 மில்லிதான். நாசி லெமாக்கின் தேங்காய்ப்பாலும் பொரித்த கோழியின் எண்ணெயும் சிறுகுடலுக்கு வந்ததும் ஒரு ஹார்மோன் சுரக்கும். அது சொன்னதும் பை சுருங்கிப் பித்தநீரைப் பிழிந்துவிடும்.

பாகு காய்ச்சுகிறவர்களுக்குத் தெரியும்: சீனி அளவு மீறினால், ஆறும்போது அடியில் கற்கண்டு பூக்கும். பித்தநீரில் கொலஸ்ட்ரால் கரையக்கூடிய அளவை மீறி, பையும் சரியாகப் பிழியாமல் சோம்பிக் கிடந்தால் அதே கதைதான். முதலில் சேறு, அப்புறம் மணல், அப்புறம் கல். இன்னொரு வகை கரிக்கட்டை மாதிரி கறுப்பாக இருக்கும். தலசீமியா போன்ற நோய்களில் சிவப்பணுக்கள் அதிகமாக உடைந்து, அந்தச் சாயம் கல்லாகிறது. அதனால்தான் தலசீமியா உள்ள பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே கல் வருகிறது. பித்தக்குழாயில் நோய்த்தொற்று இருந்தால் பழுப்பு நிறக் கற்களும் உண்டு.

பித்தப்பையை எடுத்துவிட்டால் பித்தம் தணிந்துவிடுமா?

இதைக் கேட்டுச் சிரிக்காதவர்கள் இல்லை, ஆனால் கேட்காதவர்களும் இல்லை. காலையில் எழுந்ததும் கிறுகிறுப்பு, வாய்க்கசப்பு, பித்தவெடிப்பு என்று நம் பேச்சில் வரும் பித்தம் வேறு. சித்த வைத்தியத்தின் வாதம், பித்தம், கபம் என்கிற கணக்கு அது. பைக்குள் இருக்கும் பச்சை மஞ்சள் நீர் வேறு. பையை எடுத்தால் குதிகால் வெடிப்பு ஆறாது.

கிட்னியில் வரும் கல்லும் இதுவும் ஒன்றா? வாழைத்தண்டு சாறு குடிக்கலாமா?

ஒன்றே இல்லை. சிறுநீரகக் கல் சிறுநீர் வழியாக வெளியே வரலாம். பித்தப்பைக்கும் சிறுநீர்ப்பைக்கும் வழியே கிடையாது. வாழைத்தண்டு நல்ல காய், பொரியல் செய்து சாப்பிடுங்கள். அது பித்தப்பைக் கல்லைத் தொடாது.

வலி எப்படி இருக்கும்? கேஸ்ட்ரிக் இல்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு நீங்கள் சந்தோஷமாக இருப்பீர்களா, முணுமுணுத்துக்கொண்டிருப்பீர்களா என்பது பெரும்பாலும் இங்கேதான் முடிவாகிறது.

என் கதையையே சொல்கிறேன். 2 வருடம் எனக்கு வந்ததை கேஸ்ட்ரிக் என்றே நினைத்தேன். வார்டில் எத்தனையோ பேருக்குப் படம் போட்டு விளக்கியவள், தன் வயிறு என்று வந்ததும் ஈனோவைக் கரைத்துக் குடித்தேன், கோடாலித் தைலத்தைத் தேய்த்துக்கொண்டேன். ஒரு தீபாவளிக்கு மறுநாள், மிச்சம் இருந்த ஆட்டிறைச்சிப் பிரட்டலைச் சாப்பிட்டுப் படுத்தவள் இரவு 1 மணிக்கு எழுந்தேன். மேல்வயிற்றில், விலா இரண்டும் சேருகிற குழியில், யாரோ முழங்கையை ஊன்றி அழுத்துகிற மாதிரி. வலது தோள்பட்டை எலும்புக்குக் கீழே ஒரு குடைச்சல். உட்கார்ந்தேன், படுத்தேன், பின்கட்டில் நடந்தேன், எதற்கும் மசியவில்லை. இரண்டு தரம் வாந்தி. ஏறி இறங்கும் வலி இல்லை அது, ஏறி அங்கேயே நிற்கும் வலி. சமையலறைக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். 4 மணிக்கு மேல் சுவிட்சை அணைத்த மாதிரி போய்விட்டது. காலையில் தோசை சாப்பிட்டேன், ஒன்றும் செய்யவில்லை. அப்போதுதான் எனக்கே உறைத்தது.

பித்தப்பைக் கல்வலியின் குணம் இதுதான். மேல்வயிற்றின் நடுவிலோ வலது விலாவுக்குக் கீழோ வரும். அரை மணி நேரத்துக்குக் குறையாமல், சில மணி நேரம் வரை விடாமல் நிற்கும். முதுகுக்கோ வலது தோள்பட்டைக்கோ போகும். கொழுப்பான சாப்பாட்டுக்குப் பிறகு, பெரும்பாலும் இரவில் வரும். ஏப்பம் விட்டாலும், வெளிக்குப் போனாலும், புரண்டு படுத்தாலும், வயிற்றுப் புளிப்புக்கு மாத்திரை போட்டாலும் அடங்காது. அப்புறம் முழுசாகப் போய்விடும். அடுத்தது வாரங்கள் கழித்தும் வரலாம், மாதங்கள் கழித்தும் வரலாம்.

இதற்கு மாறாக, தினமும் சாப்பிட்டதும் வயிறு உப்புவது, புளியேப்பம், நெஞ்செரிச்சல், காற்றுப் பிரிந்ததும் லேசாவது, இவை எல்லாம் கல் இல்லாதவர்களுக்கும் வருபவை. கல் இருக்கிறவருக்கும் இவை இருக்கலாம். அதனால் இரண்டுக்கும் சொந்தம் என்று ஆகிவிடாது. சுவரில் தொங்கும் குதிரைக் காலண்டரை எடுத்து, வலி வந்த நாளில் மணி, எவ்வளவு நேரம் நின்றது, என்ன சாப்பிட்டீர்கள் என்று மூன்றே வரி கிறுக்குங்கள். இரண்டு மாதக் கிறுக்கலோடு டாக்டரிடம் போனால், "வயிறு வலிக்குது டாக்டர்" என்பதைவிட ஆயிரம் மடங்கு உதவும்.

யாருக்கு அதிகம் வரும்?

ஆண்களைவிடப் பெண்களுக்கு. பிள்ளை பெற்றவர்களுக்கு இன்னும் கொஞ்சம் அதிகம், ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன்தான் காரணம். 40 வயதைத் தாண்டியவர்கள், உடல் எடை கூடியவர்கள், இனிப்புநீர் (சர்க்கரை நோய்) உள்ளவர்கள், அம்மாவுக்கோ அக்காவுக்கோ கல் இருந்தவர்கள். ஒல்லியான ஆம்பளைக்கு வராது என்று நினைக்க வேண்டாம். தினமும் ரப்பர் மரத்தில் பால் வெட்டி, உடம்பில் ஒரு சொட்டுக் கொழுப்பு இல்லாத பெரியவர்களையும் வார்டில் பார்த்திருக்கிறேன்.

எடையைச் சட்டென்று குறைப்பதும் கல்லை வரவழைக்கும். வாரத்துக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் குறைப்பவர்களுக்கு அந்த ஆபத்து தெளிவாகக் கூடுகிறது. உணவே இல்லாமல் பை நாள் முழுக்கப் பிழியப்படாமல் கிடந்தால் பித்தநீர் தேங்கும். தைப்பூச விரதம் இருக்கலாமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது: இருங்கள், ஆனால் ஒரு வேளைச் சாப்பாடு என்று காய்ந்து கிடந்துவிட்டு, காவடி இறக்கியதும் ஒரே மூச்சில் நெய்ச்சோற்றில் விழாதீர்கள். ஏற்கெனவே வலி வந்தவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு விரதம் எடுங்கள்.

எப்போது காத்திருக்கவே கூடாது?

வலி 6 மணி நேரத்தைத் தாண்டியும் நிற்கிறது, கூடவே காய்ச்சல். அப்படியானால் பை அழற்சி கண்டிருக்கலாம். கண் மஞ்சளாகி, சிறுநீர் தே-ஓ (பால் கலக்காத தேநீர்) நிறத்தில் போய், மலம் வெளுத்தால் கல் பையை விட்டு இறங்கிப் பெரிய குழாயை அடைத்திருக்கலாம். மஞ்சளோடு குளிர்நடுக்கக் காய்ச்சலும் சேர்ந்தால் குழாயில் சீழ்த்தொற்று என்று அர்த்தம், மணிக்கணக்கில் உயிருக்கே ஆபத்தாகும். முதுகைத் துளைக்கிற வலியும் நிற்காத வாந்தியும் கணையம் வீங்கியதைக் காட்டலாம்.

இனிப்புநீர்க்காரர்களும் வயதானவர்களும் ஒரு படி கூடுதலாகக் கவனிக்க வேண்டும். உள்ளே நிலைமை மோசமாக இருந்தும் வெளியே காய்ச்சலோ வலியோ பெரிதாகக் காட்டாமல் போகும். மலேசியாவில் இனிப்புநீர் அதிகம் இருப்பது நம் இந்தியர்களிடம்தான் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இன்னொன்று. மேல்வயிற்று வலியோடு வேர்த்துக்கொட்டினால், மூச்சு வாங்கினால், கல் இருப்பது தெரிந்த ஆளாக இருந்தாலும் முதலில் மாரடைப்பு இல்லை என்று இசிஜி எடுத்துப் பார்க்க வேண்டும். 999-ஐக் கூப்பிடுங்கள். மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்துக் கொண்டுபோகாதீர்கள்.

என்ன பரிசோதனை செய்வார்கள்?

அல்ட்ராசவுண்ட். கர்ப்பிணிகளுக்கு எடுக்கிற அதே ஸ்கேன்தான், கதிர்வீச்சு கிடையாது. 6 முதல் 8 மணி நேரம் சாப்பிடாமல் போக வேண்டும். ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டுப் போனால் பை சுருங்கிக்கொள்ளும், ஒன்றும் தெரியாமல் திருப்பி அனுப்புவார்கள். பையில் உள்ள கல்லை அது அநேகமாகத் தவறவிடாது. குழாயில் இறங்கிய கல் அவ்வளவு எளிதில் தெரியாது. அந்தச் சந்தேகம் இருந்தால் இரத்தப் பரிசோதனையும், எம்ஆர்சிபி என்கிற காந்த ஸ்கேனும். குழாயில் கல் இருப்பது உறுதியானால் வாய் வழியாகக் குழாய் விட்டு எடுக்கும் இஆர்சிபி.

வேறு எதற்கோ ஸ்கேன் எடுத்தபோது கல் தெரிந்தது. எனக்கு வலியே இல்லை. வெட்ட வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். கல் உள்ளவர்களில் 100-க்குச் சுமார் 80 பேருக்கு எந்தத் தொந்தரவும் இருப்பதில்லை. அப்படிச் சும்மா இருக்கிற கல், ஆண்டுக்கு 100 பேரில் 1 முதல் 4 பேருக்குத்தான் வலி கொடுக்க ஆரம்பிக்கிறது. விதிவிலக்கு உண்டு: 3 சென்டிமீட்டருக்கு மேல் பெரிய கல், பையின் சுவரில் சுண்ணாம்பு படிந்திருப்பது, 1 சென்டிமீட்டரை எட்டிய சதை வளர்ச்சி, சில இரத்த நோய்கள். இவர்களுக்கு டாக்டர் வேறு மாதிரி யோசிப்பார்.

ஆனால் உண்மையான கல்வலி ஒரு தடவை வந்துவிட்டால் கணக்கு மாறிவிடும். திரும்ப வரும் வாய்ப்பு அதிகம், சிக்கலாகிற வாய்ப்பும் கூடுகிறது.

மருந்தில் கரையாதா? வாட்சாப்பில் ஆப்பிள் ஜூஸும் ஆலிவ் எண்ணெயும் என்று வந்ததே?

உர்சோடியாக்ஸிகோலிக் அமிலம் என்று ஒரு மாத்திரை உண்டு. சின்ன, சுண்ணாம்பு ஏறாத கொலஸ்ட்ரால் கல்லை மட்டும், 6 மாதம் முதல் 2 வருடம் வரை விடாமல் சாப்பிட்டால் கரைக்கலாம். நிறுத்திய 5 வருடத்துக்குள் ஏறக்குறையப் பாதிப் பேருக்குத் திரும்ப வந்துவிடும். அதனால் ஆபரேஷன் செய்யவே முடியாதவர்களுக்குத்தான் அதைப் பெரும்பாலும் கொடுக்கிறார்கள்.

அந்த வாட்சாப் வைத்தியம் எனக்கும் நாலைந்து தடவை வந்தது. எங்கள் பக்கத்துத் தோட்டத்து அக்கா ஒருவர் செய்தும் பார்த்துவிட்டு, பிளாஸ்டிக் டப்பாவில் பச்சையாக மெழுகு உருண்டைகளைக் கொண்டுவந்து, "பார் மிஸ்ஸி, 40 கல் வெளியே வந்திருக்கு" என்றார். டப்பாவை வெயிலில் வைத்தோம். உருகி எண்ணெயாக நின்றது. 2005-ல் லான்செட் மருத்துவ இதழில் டாக்டர்கள் இதே போன்ற உருண்டைகளைச் சோதித்து எழுதினார்கள்: குடித்த எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் வயிற்றுக்குள் சேர்ந்து சோப்பாகக் கட்டிக்கொண்டவை அவை. அக்காவின் ஸ்கேனில் கல் அப்படியே இருந்தது. கோபத்தில் என்னோடு ஒரு வாரம் பேசவில்லை.

கல்லை மட்டும் எடுத்துவிட்டுப் பையை விட்டுவைக்கலாமே?

நியாயமான கேள்வி. ஒரு காலத்தில் அப்படித்தான் செய்தார்கள். கல் திரும்பத் திரும்ப வந்தது. 1882-ல் பெர்லினில் கார்ல் லாங்கன்புக் என்ற டாக்டர், குறை கல்லில் இல்லை, கல்லை விளைவிக்கிற பையில் இருக்கிறது என்று யோசித்துப் பையையே எடுத்தார். பித்தப்பையை முதலில் எடுத்தவர் அவர்தான். 1985-ல் எரிக் மியூஹ என்ற இன்னொரு ஜெர்மானியர் சின்னத் துளை வழியாகவே எடுத்துக் காட்டினார். இன்று நமக்கும் அதுதான் நடக்கிறது.

ஆபரேஷன் எப்படி இருக்கும்? ஆபத்து உண்டா?

முழு மயக்கம் கொடுப்பார்கள். வயிற்றில் கரியமில வாயுவை நிரப்பி உப்பவைத்து, தொப்புளருகே ஒன்று, மேலே மூன்று என்று வழக்கமாக நாலு சின்னத் துளை. கேமரா ஒன்றில், கருவிகள் மற்றதில். பைக்குப் போகும் குழாயையும் இரத்தக்குழாயையும் கிளிப் போட்டு வெட்டி, பையைத் தொப்புள் துளை வழியாக இழுத்து எடுப்பார்கள். ஒரு மணி நேரம், கொஞ்சம் கூடக் குறைய. பலர் மறுநாளே வீடு திரும்புகிறார்கள்.

துளை வழியாக ஆரம்பித்து, உள்ளே ஒட்டிக்கொண்டு வழி தெரியாததால் திறந்து செய்ய நேர்வது 100-ல் சுமார் 5 பேருக்கு. பை கடுமையாக வீங்கியவர்களுக்கு இது கூடும். அது தோல்வி இல்லை, நிதானமான டாக்டர் எடுக்கிற முடிவு. முக்கியப் பித்தக்குழாயில் காயம் படுவதுதான் எல்லோரும் பயப்படும் விஷயம். 1000 பேரில் 3 முதல் 5 பேருக்கு நடக்கலாம். அபூர்வம், ஆனால் நடந்தால் பெரிய வேலை. அதனால் வீட்டுக்குப் போன பிறகு வலி நாளுக்கு நாள் குறையாமல் கூடினால், காய்ச்சல் வந்தால், கண் மஞ்சளானால், "ஆபரேஷன் செய்த வலிதானே" என்று படுத்துக்கிடக்காதீர்கள். அன்றே திரும்பப் போங்கள்.

பை வீங்கிக் காய்ச்சலோடு வந்தவர்களை முன்பெல்லாம் ஆறவைத்து 6 வாரம் கழித்து வரச் சொல்வார்கள். இப்போது முடிந்தால் ஒரு வாரத்துக்குள் செய்துவிடுவதே நல்லது என்று ஆகிவிட்டது.

தோளில் வலிக்கிறதே? வெட்டியது வயிற்றில்தானே?

வயிற்றில் நிரப்பிய வாயுவின் மிச்சம் உதரவிதானத்தை உறுத்துகிறது. அந்த நரம்பும் தோளின் நரம்பும் கழுத்தில் ஒரே இடத்திலிருந்து கிளம்புபவை. இரண்டு மூன்று நாளில் போய்விடும். எழுந்து நடங்கள், சீக்கிரம் போகும்.

பை இல்லாமல் சாப்பாடு எப்படிச் செரிக்கும்?

வீட்டுக் கூரையில் இருந்த தண்ணீர்த் தொட்டியைக் கழற்றிவிட்டு, குழாயை நேராகப் போட்ட மாதிரி. கல்லீரல் பித்தநீரைச் சுரந்துகொண்டேதான் இருக்கும். அது சேமிக்கப்படாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குடலில் சொட்டும். சாதாரணச் சாப்பாட்டுக்கு அது போதும்.

சரி, ஆபரேஷனுக்குப் பிறகு வலி முழுசாகப் போய்விடுமா?

சந்தையில் என்னை இழுத்து நிறுத்துகிறவர்களின் உண்மையான கேள்வி இது. பதில், எந்த வலி என்பதைப் பொறுத்தது.

நான் மேலே சொன்ன அந்த நடுராத்திரி வலி இருக்கிறதே, அது பெரும்பாலோருக்குப் போய்விடுகிறது. எனக்கு இந்த 6 வருடத்தில் ஒரு தடவைகூட வரவில்லை. ஆனால் சாப்பிட்டதும் வயிறு உப்புவது? அது ஆபரேஷனுக்கு முன்பும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. என் பித்தப்பை அதற்குப் பொறுப்பே இல்லை, பாவம்.

நெதர்லாந்தில் 24 ஆஸ்பத்திரிகளில், கல்லும் வயிற்றுவலியும் சேர்ந்து இருந்த 1000-க்கும் அதிகமானவர்களைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்து, 2019-ல் லான்செட்டில் வெளியானது. ஒரு குழுவில் டாக்டர்கள் வழக்கம்போல முடிவெடுத்தார்கள். இன்னொன்றில் கல்வலியின் குணங்கள் சரியாகப் பொருந்தினால்தான் ஆபரேஷன். இரண்டிலும் பெரும்பாலோருக்கு ஆபரேஷன் நடந்தது. ஒரு வருடம் கழித்து வலியே இல்லை என்றவர்கள் வழக்கமான குழுவில் 60 விழுக்காடு, கண்டிப்பான குழுவில் 56 விழுக்காடு. அதாவது எப்படித் தேர்ந்தெடுத்தாலும் பத்தில் நாலு பேருக்கு ஏதோ ஒரு வயிற்றுவலி மிச்சம் இருந்தது. இதைப் படித்துவிட்டு ஆபரேஷன் வீண் என்று யாரும் கிளம்ப வேண்டாம். அந்த நாலு பேரில் பலருக்குக் கல்லைத் தவிர இரைப்பைப் புண்ணோ, அமிலம் எதுக்களிப்பதோ, குடல் எரிச்சல் நோயோ கூடவே குடியிருந்திருக்கும். ஸ்கேனில் கல் தெரிந்ததும் எல்லாப் பழியும் அதன்மேல் விழுந்துவிடுகிறது.

நான் வார்டில் இருந்தபோது, கையெழுத்து வாங்கும் நேரத்தில் இதை யாரும் நோயாளிக்கு நிதானமாகச் சொன்னதாக நினைவில்லை. நானும் சொன்னதில்லை. "எடுத்துட்டா சரியாயிடும்மா" என்பது எங்கள் எல்லோருக்கும் வாயில் வந்த வாக்கியம். ஆகவே நீங்களே கேட்டுவிடுங்கள்: "டாக்டர், எனக்கு இருக்கிற தொந்தரவில் எதெல்லாம் கல்லால் வருகிறது, எதெல்லாம் வேறு? எது போகும், எது போகாது?"

ஆபரேஷன் முடிந்ததிலிருந்து சாப்பிட்டதும் கழிவறைக்கு ஓட வேண்டியிருக்கிறது. ஏன்?

சுமாராகப் பத்தில் ஒருவருக்கு இது வருகிறது. சொட்டிக்கொண்டிருக்கும் பித்த அமிலம் பெருங்குடல் வரை போய்த் தண்ணீரை இழுத்துவிடுகிறது. பெரும்பாலோருக்குச் சில வாரங்களில், சில மாதங்களில் அடங்கும். அடங்காவிட்டால் கொலெஸ்டிரமின் என்ற தூள் மருந்து உண்டு, பித்த அமிலத்தைப் பிடித்துக் கட்டிவிடும். பலர் வெட்கப்பட்டு வருடக்கணக்கில் சொல்லாமல் இருக்கிறார்கள். கல்யாண வீட்டுக்குப் போனால் முதலில் கழிவறை எங்கே என்று பார்த்துவிட்டு உட்காருகிற ஒருவரை எனக்குத் தெரியும்.

இனிப்புநீருக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்கள் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அந்த மாத்திரையே வயிற்றைக் கலக்கும். பழி வெட்டின பைமேல் விழும்.

என்ன சாப்பிடலாம்?

வாழ்நாள் பத்தியம் எதுவும் இல்லை. முதல் சில வாரங்கள் கொஞ்சம் கொஞ்சமாக, எண்ணெய் குறைத்து: இடியப்பம், ரசம், அவித்த மீன், கஞ்சி. அப்புறம் ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பாருங்கள். எனக்கு நாசி லெமாக் ஒத்துக்கொள்கிறது, சந்தன் (தேங்காய்ப்பால்) கனமாக ஊற்றிய குழம்பு மட்டும் ஒத்துக்கொள்வதில்லை. என் தங்கைக்கு நேர்மாறு.

ஒரு விஷயம்: வலிக்குப் பயந்து எண்ணெயை ஒதுக்கி இருந்தவர்கள், வலி போனதும் பழையதை எல்லாம் சேர்த்துவைத்துச் சாப்பிட்டு எடை போடுகிறார்கள். நானும் 5 கிலோ போட்டேன்.

எப்போது வேலைக்குப் போகலாம்?

மேசை வேலை என்றால் ஒன்று இரண்டு வாரத்தில். ரப்பர் பால் வெட்டுவதும் செம்பனை (எண்ணெய்ப்பனை) வேலையும் வேறு கதை. முற்றிய செம்பனை மரத்துக் குலை ஒன்று 20 கிலோவைத் தாண்டுவது சாதாரணம். அதைத் தூக்கி வண்டியில் எறிகிறவர் 4 முதல் 6 வாரம் பொறுக்க வேண்டும், இல்லையென்றால் தொப்புள் துளையில் குடலிறக்கம் வரலாம். திறந்து செய்த ஆபரேஷன் என்றால் 6 முதல் 8 வாரம். எம்சி (மருத்துவ விடுப்புச் சீட்டு) எழுதும்போது, "என்ன வேலை?" என்று டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். "தோட்ட வேலை" என்று மொட்டையாகச் சொன்னால் அவர் புல் வெட்டுவதாக நினைத்துக்கொள்வார். குலை எத்தனை கிலோ, நாளைக்கு எத்தனை குலை என்று சொல்லுங்கள்.

1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தில் சாதாரண நோய் விடுப்பு, வேலை செய்த காலத்தைப் பொறுத்து ஆண்டுக்கு 14, 18 அல்லது 22 நாள். ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய நோய்க்கு 60 நாள் வரை சம்பளத்தோடு உண்டு. நாள் சம்பளக்காரர்களுக்கும் இது பொருந்தும். தோட்டத்துக் கணக்குப் பார்க்கும் கிராணி மறந்துவிட்டால் நினைவுபடுத்துங்கள்.

மோட்டார் ஓட்டுவது: திடீரென்று பிரேக் அழுத்தினால் வயிறு சுண்டாது என்று உங்களுக்கே நம்பிக்கை வந்த பிறகு. ஒரு வாரமாவது ஆகும்.

பையை எடுத்த பிறகும் கல் வருமா?

வரலாம். ஆபரேஷனுக்கு முன்பே குழாய்க்குள் நழுவிப்போன கல் பின்னால் தலைகாட்டலாம், குழாயிலேயே புதிதாகவும் உருவாகலாம், வருடங்கள் கழித்தும்கூட. பழைய அதே வலி, மஞ்சள் கண், காய்ச்சல் என்று வந்தால், "எனக்குத்தான் பையே இல்லையே" என்று இருந்துவிட வேண்டாம்.

மாசமாக இருக்கும்போது வலி வந்தால்?

மகப்பேறு டாக்டரிடம் உடனே சொல்லுங்கள். ஆபரேஷன் தவிர்க்க முடியாது என்றால் கர்ப்பத்தின் நடு மூன்று மாதம்தான் அதற்கு வசதியான காலம்.

செலவு? எங்கே போவது?

முதலில் சுகாதார கிளினிக், குடிமக்களுக்கு 1 வெள்ளி (ரிங்கிட்). அங்கே ருஜுக்கான் கடிதம் (நிபுணரிடம் அனுப்பும் கடிதம்) வாங்கிக்கொண்டு நிபுணர் கிளினிக். நம் ஊரிலிருந்து பெரும்பாலோர் அறுவைக்கு ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறார்கள், அரை மணி நேரப் பயணம். அவசரமில்லாத ஆபரேஷனுக்கு அரசாங்கத்தில் மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம். காத்திருக்கும்போது வலி அடிக்கடி வர ஆரம்பித்தால் தேதி வரும்வரை பொறுக்காமல் திரும்பப் போய்ச் சொல்லுங்கள், வரிசை மாறும். தனியாரில் சீக்கிரம் நடக்கும், பல ஆயிரம் வெள்ளி ஆகும். காப்புறுதி இருந்தால் காத்திருப்புக் காலம் முடிந்துவிட்டதா என்று பாலிசியைப் பாருங்கள். தோட்டத்தில் வேலை செய்யும் வெளிநாட்டுத் தம்பிமாருக்கு அரசாங்க ஆஸ்பத்திரியிலும் கட்டணம் வேறு, அதிகம்.

எடுத்த கல்லைக் கொடுப்பார்களா?

கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள். சிறுநீர் பரிசோதனைக்குத் தரும் அந்தச் சின்ன பாட்டிலில் போட்டு எனக்கும் கொடுத்தார்கள். 17 கல். மிளகு அளவில் சில, மொச்சைக்கொட்டை அளவில் இரண்டு, மஞ்சளாக, ஒன்றோடொன்று உரசிப் பட்டை தீட்டின மாதிரி முகம் முகமாக இருந்தன. காய்ந்ததும் எடையே இல்லை. என் மாமியார் அதைச் சாமி மேடையில், திருநீற்றுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். வருகிறவர்கள் ஏதோ கோயில் பிரசாதம் என்று நினைத்துக் கும்பிட ஆரம்பித்த பிறகுதான் எடுத்து அலமாரியில் வைத்தேன்.